தரையில் இல்லாத பிரேக்

சொட்டு விழுந்தது, ஆவுடையப்பனின் வலது கால் தரையை மிதித்தது. அடுத்த சொட்டு, அடுத்த மிதி. அங்கே பிரேக் கிடையாது, நாய் பூனை ஆஸ்பத்திரியின் தரையில் வெறும் டைல்ஸ்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் பாதி ஆயுளை டிரைவிங் ஸ்கூல் காரின் இடதுபக்கத்து சீட்டில் கழித்து, ஸ்டியரிங் இல்லாமல், காலுக்கடியில் பொருத்திய ஒரு கிளட்ச்சையும் ஒரு பிரேக்கையும் மட்டும் நம்பிப் பாளையங்கோட்டை ஜனங்களை உயிரோடு வைத்திருக்கிற காலுக்கு அதை யார் போய்ப் புரியவைப்பது. அது பஸ்ஸிலும் மிதிக்கும், சினிமாக் கொட்டகையிலும் மிதிக்கும். மைத்துனன் கல்யாணத்தில் அவன் தாலியைக் கையில் எடுத்துக் குனிந்த நேரத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து ஓங்கி ஒரு மிதி மிதித்தது, பின்னால் நடந்ததை எல்லாம் பார்த்தால் அது ஒன்றுதான் சரியான இடத்தில் மிதித்த மிதி. இப்போது எதிரே எவர்சில்வர் மேஜையில், மனைவி சொர்ணத்தின் பழைய சுங்கடிச் சேலையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அவர் வளர்க்கிற பூனை கிளட்ச் படுத்திருந்தாள். முன்னங்காலில் பிளாஸ்திரி, பிளாஸ்திரிக்குள் ஊசி, ஊசியிலிருந்து மேலே போகிற டியூப், அதன் உச்சியில் கைக்குட்டை அளவில் ஒரு பை, பைக்குள் வேறொரு பூனையின் ரத்தம். அவளுக்குச் சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி, வாலில் மட்டும் ஒரு வெள்ளை நுனி. கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது வெறும் கூடையைத்தான் தூக்கி வந்துவிட்டோமோ என்று வழியில் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எடையே இல்லை. சொட்டு. மிதி. டியூபின் நடுவே ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது, அதைத் திருப்பினால் சொட்டு வேகமாகும், இன்னொரு பக்கம் திருப்பினால் நின்றுவிடும், அதை டாக்டரைத் தவிர யாரும் தொடக்கூடாது. ஆக இந்த அறையிலும் ஒரு பிரேக் இருக்கிறது, அது ஆவுடையப்பன் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

பெட்ரோல் தீர்ந்து ரோட்டில் நிற்கிற பைக்குக்கு அடுத்தவன் பைக்கிலிருந்து டியூப் வைத்து உறிஞ்சி ஊற்றுவோமே, அது மாதிரிதான் இது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. ஏனென்றால் அப்படி ஊற்றுவது பங்க் வரைக்கும் போய்ச் சேர. இவளுக்குப் பங்க் எங்கே இருக்கிறது? அதைத்தான் டாக்டர் நிலோபர் முந்தாநாள் சொல்லியிருந்தார், சின்ன வயசு, பெரிய கண்ணாடி, எதையும் மூடி மறைக்காத பேச்சு. "எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துல இந்த லுக்கீமியா வைரஸ் போய் உக்காந்துருச்சு சார். புது ரத்தம் ஊறலை. இருக்கிறதும் ரொம்பக் கம்மி. முதல்ல ரத்தம் ஏத்தி அவளைத் தாங்கிப் பிடிக்கணும், அப்புறம்தான் மத்த மருந்தெல்லாம்." ஆவுடையப்பன் நான் என்ன செய்தேன் என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, தாய்ப்பூனையிடமிருந்தே வந்திருக்கலாம், குட்டியில் மற்ற பூனைகள் நக்கியதில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒன்றும் செய்யவில்லையாம். சுவரை நக்கினாளே, அதைப் பார்த்துக்கொண்டு நின்றோமே, அது என்ன கணக்கு? ஷெட்டின் சிமெண்டுத் தரையைப் பாயசக் கிண்ணம் மாதிரி நக்கினாள், பார்த்துவிட்டு, "ஏட்டி, வீட்டையே தின்னுருவா போலுக்கே" என்று சொர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாரே. ரத்தம் குறைந்த பூனை அப்படித்தான் மண்ணையும் சிமெண்டையும் நக்குமாம். வெள்ளிக்கிழமை மீனைத் தொடாமல் திரும்பிக்கொண்டாள், யாரும் விரதம் பிடிக்காத வீட்டில் இவளாவது விரதம் இருக்கிறாளே என்று சொர்ணம் பெருமைப்பட்டாள். சனிக்கிழமையும் தொடவில்லை. அப்போதும் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. சொட்டு. டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டியபோது ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது, ஆவுடையப்பன் தன் உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், அவருடையது வெற்றிலை போட்டதில் சிவப்பாக இருந்தது, அதற்காக வெட்கமாக இருந்தது. மிதி.

உண்மையில் சந்தேகம் வந்திருக்க வேண்டியது சத்தம் வராத அன்றைக்குத்தான். கிளட்ச் குட்டியாக ஒருநாள் காலை அந்தக் காரின் இடதுபக்க கிளட்ச் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள், அதனால்தான் அந்தப் பெயர். வளர்ந்தபின் பின்சீட்டுக்கு மாறிவிட்டாள். வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் பின்சீட்டில் தூக்கம். படிக்க வந்தவர் யாராவது ஓங்கிப் பிரேக் போட்டால் சீட்டிலிருந்து உருண்டு விழுவாள், விழுந்ததும் எழுந்து நின்று வைவாள் பாருங்கள், ஒரு நீளமான, அடித்தொண்டையிலிருந்து வருகிற, குழாயடியில் குடத்தைத் தள்ளிவிட்டவளைக் கேட்கிற மாதிரியான வசவு. ஆவுடையப்பன் திட்டினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அவள் திட்டினால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. அவள் உருளக்கூடாது என்பதற்காகவே அவர் காலும் முந்திக்கொள்ளப் பழகியது, படிக்கிறவர் நினைக்கிறதற்கு முன்னாலேயே பூப்போல ஒரு மிதி. அப்படியிருக்க மூன்று வாரத்துக்கு முன்னால், வண்டி படிக்க வருகிற ஜெபசெல்வி டீச்சர், ஸ்கூல் வாசலில் ஒரு தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு, அவர் கால் முந்துவதற்குள் பிரேக்கின்மேல் ஏறியே நின்றார். ஆவுடையப்பனின் நெற்றி முன்னால் போய் இடித்தது. பின்சீட்டிலிருந்து பொத்தென்று விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வசவுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். "சார், கிளட்ச் ஏன் வையல?" என்று டீச்சர்தான் முதலில் கேட்டார். திரும்பிப் பார்த்தபோது விழுந்த இடத்திலேயே கிடந்தாள், கண்ணைத் திறந்து பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம், ஓடவில்லை, வெயில் என்று நினைத்துக்கொண்டார். சொட்டு. மிதி. மிதி.

அப்புறம் ரத்தம் தேடியது இருக்கிறதே, அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட இவ்வளவு நிபந்தனை இல்லை. நல்ல எடை இருக்க வேண்டும், வீட்டை விட்டு வெளியே சுற்றாத பையனாக இருக்க வேண்டும், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்க வேண்டும், இந்த வைரஸ் இருக்கவே கூடாது, பிறகு இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்க்க வேண்டும், பொருத்தம் இல்லாவிட்டால் ஏற்றுகிற ரத்தமே ஆளைக் கொன்றுவிடும். ஆவுடையப்பன் படிக்க வந்த ஒவ்வொருவரிடமும் செகண்ட் கியரில் வைத்துக் கேட்டார், வீட்டில் பூனை இருக்கிறதா? ஒரு பெண், "இல்ல சார், ரெண்டு வெள்ளாடு கெடக்கு, ஆகுமா?" என்றது. பேங்க் மேனேஜர் ஒருவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "டெஸ்ட்ல இதெல்லாங்கூடவா கேப்பாங்க?" என்று வேர்த்துப்போனார். கடைசியில் ஜெபசெல்வி டீச்சர். கணக்கு டீச்சர், ஒரு வகுப்பையே புருவத்தால் உட்கார வைக்கிறவர், ஆனால் டிரைவிங் டெஸ்ட் என்றால் ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டி அடுத்த தெருவில் போய் நிற்பவர். அவர் வீட்டில் எச்செம் என்றொரு பூனை இருந்தது. நாளெல்லாம் தூங்கிவிட்டுப் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் மட்டும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எல்லோரையும் முறைப்பதால் டீச்சர் அதற்கு எச்செம், அதாவது ஹெட்மாஸ்டர் பதவி கொடுத்திருந்தார். வெள்ளை உடம்பு, தொந்தி தரையைக் கூட்டுகிற அளவுக்குப் பருத்த பூனை. "ரத்தந்தான, தாராளமா எடுத்துக்கிடுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போவயும் வரயும் நாந்தான் வண்டி ஓட்டுவேன். நீங்க உங்க பிரேக்கத் தொடக்கூடாது" என்றார். ஆவுடையப்பன் தலையாட்டினார். இன்று காலை மடியில் இரண்டு கூடைகள், நடுவில் ஒரு அட்டைப்பெட்டி மூடியைச் செருகி, வைரஸ் எச்சில் வழியாகப் போகும் என்பதால் ஒன்றின் மூச்சு ஒன்றின்மேல் படாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். ரத்த சம்பந்தம் ஆகப்போகிறது, ஆனால் ஜென்மத்துக்கும் ஒரே தட்டில் சாப்பிடக் கூடாது, இந்த மாதிரிச் சம்பந்தத்தைத் திருநெல்வேலி ஜில்லாவில் பார்த்ததே இல்லை. கையும் மடியும் கூடைகளில் மாட்டியிருந்தும் பிரேக்கை அவர் தொட்டார். தொட்டதை டீச்சரும் பார்த்தார். புருவம் ஏறியது.

பக்கத்து அறையில், பொருத்தத்தில் பாஸாகி ரத்தம் கொடுத்த எச்செம் கழுத்தின் ஒரு பக்கம் சிரைக்கப்பட்டு, மயக்கம் தெளியாமல், ஓய்வு பெற்றவர் மாதிரிப் படுத்திருந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுக்கிற வழக்கம் இங்கேயும் உண்டா என்று டீச்சர் காம்பவுண்டரிடம் கேட்டது காதில் விழுந்தது. ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து அந்த இன்னொரு நினைப்பும் வந்துவிட்டது, வரக்கூடாது என்று காலையிலிருந்து கதவடைத்து வைத்திருந்த நினைப்பு, அதாவது ஷெட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் இடம் இருக்கிறது. மண் இளக்கம். ஆனால் அங்கே பழைய பேட்டரித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறோமே, அது அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா, என்னய்யா இது ஒத்துக்கொள்வது, சரி, அங்கே வேண்டாம், துளசிமாடத்துப் பக்கம், அங்கே என்றால் சொர்ணம் தினம் போய் நிற்பாள், நின்றால் அழுவாள், அழுதால் இவரும் அழவேண்டும். அந்த சுங்கடிச் சேலையோடேயே வைத்துவிடலாம். பின்சீட்டில் அந்த மயிர் ஒட்டிக் கிடக்கும், அதைத் தட்டக்கூடாது. செல்போன் அடித்தது, அலறிப்போய் எடுத்தார், சொர்ணம். "காப்பி குடிச்சீயளா?" "ம்." "அவ எப்படி இருக்கா?" "சொட்டு விழுது." "பயப்படாதிய. நான் திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டேன்." "என்னன்னு?" "மொட்டை." "ஏட்டி, பூனைக்கு எப்படி மொட்டை போட?" "பூனைக்கு இல்ல, உங்களுக்கு." போனை வைத்த பிறகு கை தானாகத் தலைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைதான் டை அடித்திருந்தார். பரவாயில்லை, எச்செம்முக்கே கழுத்தைச் சிரைத்தாயிற்று, முருகா, முடியை எடுத்துக்கொள், தாராளமாக எடுத்துக்கொள், புருவத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டாலும் சரி. சொட்டு. இவள் மூச்சு வேகமாகிறதா? டாக்டர் சொல்லியிருந்தார், மூச்சு வேகமானால், வாந்தி எடுத்தால், உடம்பு நடுங்கினால் உடனே கூப்பிட வேண்டும், புது ரத்தத்தை உடம்பு எதிர்த்தால் அப்படித்தான் காட்டும். மூச்சு வேகமில்லை. வாந்தி இல்லை. நடுக்கம். நடுங்குகிறாள். மீசை நடுங்குகிறது, காது நுனி நடுங்குகிறது, வால் நடுங்குகிறது, சேலையின் கரை நடுங்குகிறது. "டாக்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே ஒரு நாய் குரைத்து, அதைக் கேட்டு எல்லா நாயும் குரைத்தது.

டாக்டர் நிலோபர் ஓடிவந்து முதலில் அந்தக் குட்டிச் சக்கரத்தைத் திருப்பிச் சொட்டை நிறுத்தினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், காய்ச்சல் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். டீச்சரும் வந்து வாசலில் நின்றார். ஆவுடையப்பனின் மனசுக்குள் முருங்கை மரம்தான், துளசிமாடம் வேண்டாம், இல்லை, எதுவுமே வேண்டாம், இவள் வேண்டும், வசவோடு வேண்டும். நடுக்கம் இன்னும் அதிகமானது. டாக்டர் பூனையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, "சார், காலை எடுங்க" என்றார். ஆவுடையப்பன் கீழே பார்த்தார். அவருடைய வலது கால் மேஜையின் குறுக்குக் கம்பியை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு, முட்டி வரைக்கும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. காலை எடுத்தார். மேஜை நின்றது. சேலை நின்றது. வால், காது, மீசை, எல்லாம் நின்றது. கிளட்ச் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். டாக்டர் சக்கரத்தைத் திறந்துவிட்டுப் போனார், வெளியே போய்ச் சிரித்ததைக் கண்ணாடிக் கதவு மறைக்கவில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "இதத்தான் சார் நான் சொல்ல வந்தேன். நான் ஏன் டெஸ்ட்ல தோக்குதேன்னு தெரியுமா? அந்தத் தள்ளுவண்டியத் தவிர, உங்க வண்டியில எனக்கு நிறுத்த வேண்டிய வேலையே வந்ததில்ல. நான் பாத்து, யோசிச்சு, காலத் தூக்கதுக்குள்ள வண்டி நின்னுரும். நீங்க முந்திக்கிட்டு மிதிச்சா நான் எப்ப மிதிக்கது? இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்தா, வண்டி தானா நிக்கும்னு பாத்துக்கிட்டே இருக்கேன், அது போய்க்கிட்டே இருக்கு." இத்தனை நாள் இந்தம்மாவுக்குக் கால் மந்தம் என்றல்லவா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டார், பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர் மாதிரி. கால் தரையில் இல்லாததால் உடம்பு எங்கோ அந்தரத்தில் மிதப்பதுபோல் பயமாக இருந்தது. சொட்டு விழுந்தது. கட்டைவிரல் மட்டும் ஒருதடவை மடங்கியது. சொட்டு விழுந்தது, அதன் பாட்டுக்கு விழுந்தது, அவர் மிதிக்காததால் வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. இதென்ன அநியாயம். அப்படியானால் இவ்வளவு நேரம் மிதித்ததெல்லாம்?

பை காலியானபின் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து பார்த்தார்கள். டாக்டர் மறுபடி உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறில் ஒரு நிறம் வந்திருந்தது, சிவப்பென்று சொல்ல முடியாது, ரோஜாப்பால் தண்ணீராகக் கலந்தால் வருமே, அது. ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, கேட்காமல் நாக்குக்கடியில் வைத்திருந்தார். டாக்டரே சொல்லிவிட்டார். "சார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். வைரஸ் போகலை, போகவும் போகாது. இந்த ரத்தம் சில வாரம் தாங்கும். அதுக்குள்ள மருந்து கேட்டுச்சுன்னா நல்லது. இல்லைன்னா திரும்ப ஏத்தணும், அப்ப உடனே இதே பூனைகிட்ட எடுக்க முடியாது. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க, திரும்பப் பார்க்கணும்." ஆவுடையப்பன் கிளட்ச்சின் வால் நுனியைத் தடவினார். அதே சமயம் மூளையின் ஒரு மூலை, அடுத்த பேட்ச்சில் பூனை வைத்திருப்பவர்களை முதலில் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. "எச்செம்முக்கு இன்னிக்கு ஈரல் வைக்கணும்" என்றார் டீச்சர், வண்டிச் சாவியை அவர் சட்டைப்பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டு.

பின்சீட்டில் எச்செம்மின் கூடை, ஆவுடையப்பனின் மடியில் கிளட்ச்சின் கூடை. டீச்சர் கண்ணாடியைச் சரிபார்த்தார், பெல்ட்டைப் போட்டார், ஒரு ஜெபம் சொன்னார், வண்டியை எடுத்தார். ஆவுடையப்பன் சீட்டிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார், அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படி உட்கார்ந்ததில்லை, முட்டி ஒரு பக்கம் கதவில் இடித்தது. சில வாரம். முருகன்குறிச்சி சிக்னல் வந்தது, போனது. சில வாரம் என்றால் சித்திரைக்குள்ளா, சித்திரை தாண்டியா. ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனது, அவர் கால் சம்மணத்துக்குள்ளேயே துடித்தது, கையால் அதைப் பிடித்து உட்கார வைத்தார். சும்மா கிட, இன்னும் ஒன்றும் வரவில்லை. கூடையின் இடுக்கு வழியாக விரலை விட்டார், காது சூடாக இருந்தது, காய்ச்சல் சூடில்லை, பூனைச் சூடு. அப்போதுதான் அந்த எருமை இறங்கியது. தனக்கு மட்டும் லைசென்ஸ் இருப்பது போல இடது வலது பாராமல் நடு ரோட்டுக்கு வந்து நின்று, வண்டியைப் பார்த்தது. ஆவுடையப்பனின் வலது கால் சம்மணத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது, பிரேக்குக்கு மேலே வரைக்கும் போய்விட்டது, போன இடத்தில் அந்தரத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அங்கேயே நிறுத்தினார். எருமை பெரிதாகிக்கொண்டே வந்தது. டீச்சர் மிதித்தார், கணக்குப் பரீட்சையில் காப்பியடித்தவனைக் கண்டதுபோல் மிதித்தார், வண்டி குலுங்கி, முனகி, எருமையின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்சீட்டில் எச்செம் கூடையோடு கவிழ்ந்து தூக்கத்தைத் தொடர்ந்தது. ஆவுடையப்பன் மடியிலிருந்த கூடை நழுவி முன்னால் போய் இடித்தது.

ஒரு நொடி ஒன்றுமில்லை. இரண்டு பேரும் பழைய பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

பிறகு கூடைக்குள்ளிருந்து வந்தது. முதலில் துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அப்புறம் அது ஏறி, நீண்டு, அடித்தொண்டையைப் பிடித்து, டீச்சரையும் எருமையையும் ஆவுடையப்பனையும் அவர்கள் மூன்று தலைமுறையையும் சேர்த்து இழுத்துப் போட்டு வைகிற பழைய வசவு, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு வரி. டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "சாரிம்மா, சாரி, ரொம்ப ஓங்கி மிதிச்சிட்டேன், சார், மன்னிச்சிக்கிடுங்க சார்" என்று பதறினார். எருமை போய்விட்டது. பின்னால் பஸ்காரன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தான். ஆவுடையப்பன் கன்னமெல்லாம் நனைந்து, கூடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர்," என்றார், "அங்கன கொஞ்சம் ரோடு காலியா கெடக்குல்லா? அங்க வச்சு, இதே மாதிரி இன்னொரு பிரேக் போடுங்க."